தனி அடுப்பு விசாரணை

அந்த வீட்டு அடுப்படியில் இரண்டு அடுப்புகள் இருந்தன. ஒன்று அக்காவுடையது, இன்னொன்று தங்கையுடையது. உப்பு டப்பா இரண்டு, எண்ணெய்ப் பாத்திரம் இரண்டு, பாத்திரம் தேய்க்கிற நார்கூட இரண்டு. தண்ணீர்க் குழாய் மட்டும் ஒன்று. அதை இரண்டாக்க வழி தெரிந்திருந்தால் அதையும் ஆக்கியிருப்பார்கள். அம்மா அப்பா விட்டுப்போன வீடு, ஆளுக்குப் பாதி. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை செய்துகொண்டாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

தங்கையின் புருஷன் ஒரு நாள் காலையில் பல் விளக்கி, முகம் துடைத்து, டிவியைச் சுவரிலிருந்து கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பழுது பார்க்கக் கொண்டுபோகிறான் என்று நினைத்து, டிவி இடிபடாமல் இருக்கத் தங்கையே கதவைப் பிடித்துக்கொண்டாள். அவனும் திரும்பவில்லை, டிவியும் திரும்பவில்லை. விஷயம் புரிந்து அவள் தரையில் உட்கார்ந்து அழுதபோது அக்கா பக்கத்தில் வந்து நின்று, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள்.

சொன்னது வாஸ்தவம்தான். கல்யாணத்துக்கு முன்னாலும் சொன்னாள், கல்யாணத்தன்று மாப்பிள்ளை காதில் விழும்படியும் சொன்னாள். ஆனால் அழுகிறவளின் முதுகைத் தடவ வேண்டிய நேரத்தில் உண்மையை எடுத்து நீட்டுகிறவளை என்ன செய்வது? தங்கை பேச்சை நிறுத்தினாள். அடுத்த வாரமே தனி அடுப்பு வாங்கினாள். அதற்கு ஒன்பது வருஷம் ஆகிறது.

அக்காவைக் குறை சொல்லியும் பயனில்லை. பொய் சொல்ல வராதது அவளுக்குப் பிறவியிலேயே வந்த கோளாறு. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த காலத்தில், "டாக்டர் ஏன் இன்னும் வரலை?" என்று நோயாளி கேட்டால், "தூங்கிட்டு இருக்காரு" என்று பதில் சொல்வாள். அவள் ஓய்வு பெற்ற நாளில் டாக்டர்கள் எல்லாரும் தவறாமல் வந்து வழியனுப்பினார்கள்.

பேச்சு இல்லை என்றால் வாயே திறப்பதில்லை என்று அர்த்தமில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு வாயைக் கட்டிக்கொள்ள அவர்கள் என்ன முனிவர்களா? ஜாடையாகப் பேசுவார்கள். தங்கை குழாயைப் பார்த்து, "சில பேரு கதவைத் தாழ்ப்பாள் போடாமலே தூங்கிடறாங்க" என்பாள். அக்கா தன் குக்கரைப் பார்த்து, "சில பேரு பேயாட்டம் ராத்திரி உள்ளேயும் வெளியேயும் நடந்தா மத்தவங்க எப்படித் தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்குறது?" என்பாள். குழாயும் குக்கரும் ஒன்பது வருஷமாக அந்தக் குடும்பத்தின் எல்லா விவகாரங்களையும் கேட்டு வந்தன.

தங்கைக்குத் தையல் ஆலையில் பிசிறு வெட்டுகிற வேலை. தைத்து முடித்த சட்டைகளில் தொங்குகிற நூலைக் கத்தரித்து, மடித்து, அடுத்த மேஜைக்குத் தள்ள வேண்டும். இந்த வருஷம் பிறந்ததும் ஆலை வேலை நாட்களைப் பாதியாகக் குறைத்தது. கூலியும் பாதியாயிற்று. வயிறு மட்டும் அதே அளவில் இருந்தது. குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் உணவு அட்டை கொடுக்கிறது, அதைக் காட்டினால் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய் கிடைக்கும் என்று ஆலைப் பெண்கள் சொன்னார்கள். தங்கை விண்ணப்பித்தாள்.

அவள் அட்டைக்கு ஆசைப்பட்டதற்குப் பசி பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அக்கா. பேச்சை நிறுத்தியவளிடம் போய், "அரிசி இல்லை" என்று நிற்கும் நாள் வந்துவிடக் கூடாது. குழாயைப் பார்த்துச் சொன்னாலும் அது கையேந்துவதுதானே. அதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று அவள் வைராக்கியமாக இருந்தாள். இத்தனைக்கும் இருக்கிற அரிசியை வைத்து அவள் சமாளித்துவிட்டாள். பாதிக் கூலியில் வாங்கிய அரிசி முழு மாதமும் வந்தது. அது தன் கைராசி, தன் சிக்கனம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. மதிய இடைவேளையில் மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்தாள். "உலையில தண்ணி தாராளமா வைக்கணும். சோறு மலரும். அவசரப்பட்டு இறக்கினா கஷ்டம்தான்" என்பாள். ஆலைப் பெண்கள் தண்ணீரைத் தாராளமாக வைத்துப் பார்த்தார்கள். கஞ்சிதான் வந்தது.

அட்டை அலுவலகத்தில் ஒரு சிக்கல். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள் ஒரே குடும்பம் என்பது விதி. அக்காவின் ஓய்வூதியத்தையும் தங்கையின் கூலியையும் கூட்டினால் வரம்பைத் தாண்டியது. மயிரிழைதான், ஆனாலும் தாண்டியது தாண்டியதுதான். தனியாக வாங்கி, தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று நிரூபித்தால் தனிக் குடும்பம் என்று எழுதலாம். அதற்கு ஆள் வந்து பார்ப்பார்.

"எங்களுக்குப் பேச்சே கிடையாதுங்க" என்றாள் தங்கை.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்றார் அலுவலகத்தில் இருந்தவர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தத் தெருவில் மாமியாரும் மருமகளும், அண்ணனும் தம்பியும், ஒரே தட்டில் சாப்பிட்ட இரட்டைப் பிள்ளைகளும்கூட விண்ணப்பம் போட்ட வாரத்தில் ஜென்மப் பகையாளிகள் ஆனார்கள். எல்லார் வீட்டிலும் இரண்டாவது அடுப்பு முளைத்தது. விசாரணைக்கு வருகிறவரைத் தெருவில் அடுப்பு ஆபீசர் என்பார்கள். பழம் தின்று கொட்டை போட்ட ஆள். தெருவில் ஒரு பச்சை நிற அடுப்பு வீடு வீடாகப் போய்த் தனிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் நலம் விசாரிக்கிற அளவுக்கு அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

அன்று சாயங்காலம் தங்கை குழாயிடம் விஷயத்தைச் சொன்னாள். "வர்ற வாரம் ஒருத்தர் வருவாராம். தனி அடுப்பான்னு கேப்பாராம். இருக்கிறதை இருக்கிறபடி சொன்னாப் போதும். கூட ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அக்கா குக்கரிடம், "நம்மகிட்ட என்னிக்குப் பொய் இருந்துச்சு?" என்றாள்.

"பொய் வேண்டாம்னுதான் சொல்றோம்."

"அதுக்கு எதுக்கு முறைக்கணும்?"

அடுத்த பேச்சைக் குக்கர் விசிலடித்து முடித்து வைத்தது. அது யார் பக்கம் என்று சொல்வதற்கில்லை.

அடுப்பு ஆபீசர் ஒரு மதிய வேளையில் வந்தார். கையில் கண்ணாடிப் பலகை மாதிரி ஒரு டேப் வைத்திருந்தார். கேள்வி, பதில், கையெழுத்து எல்லாம் அதிலேதான். இரண்டு அடுப்பையும் பார்த்தார். தங்கையின் அடுப்பைத் தூக்கி அடியில் விரலை ஓட்டினார். விரல் பிசுக்கென்று ஒட்டியது.

"இந்தப் பிசுக்கு ஒரு நாள்ல வர்றது இல்லை" என்றார், கொஞ்சம் மரியாதையோடு.

தன் வீட்டு அழுக்கை ஒருவர் பாராட்டித் தங்கை கேட்டது அதுதான் முதல் தடவை. "ஒன்பது வருஷப் பிசுக்கு, சார்" என்றாள்.

"ரெண்டு பேரும் பேசிக்கிறது இல்லையா?"

"இல்லை, சார்."

"ஏன்?"

"அதை அவங்களையே கேளுங்க."

அக்கா தன் அடுப்புப் பக்கமிருந்து, "தம்பி, நான் உண்மையைச் சொன்னேன். அது ஒரு குத்தமா?" என்றாள்.

"உண்மையைச் சொல்ல நேரம் காலம் கிடையாதா, சார்? எழவு வீட்டுல போய்ச் செத்தவன் குடிகாரன்னு சொல்வாங்களா?"

"தம்பி, டிவியைத் தூக்கிட்டுப் போறவனுக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னவங்களை என்ன சொல்றது?"

"கதவை எதுக்குப் பிடிச்சேன்? டிவி இடிச்சிடக் கூடாதுன்னு. அது எங்க அப்பா வாங்கின டிவி, சார்."

"எனக்கும் அப்பாதான், தம்பி."

அடுப்பு ஆபீசர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலி கண்டவர் போல நின்றார். "பேசிக்கிறது இல்லைன்னு சொன்னீங்க."

"பேசலையே, சார்."

"இப்போ பேசினீங்களே?"

"அது உங்ககிட்ட" என்றார்கள் இரண்டு பேரும்.

அவர் அதற்கு மேல் சோதிக்கவில்லை. நடிக்கிறவர்கள் நடுநடுவே அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். இவர்கள் அவர் ஒருவர் நிற்பதையே மறந்துபோயிருந்தார்கள். கண்ணாடியில் 'தனி' என்று இருந்த கட்டத்தின் மேல் அவர் விரல் போவதைத் தங்கை பார்த்தாள். அட்டை கைக்கு வந்த மாதிரிதான்.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி. எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான்" என்றார். "ஒருத்தருக்கு ஒருத்தர் சாப்பாடோ சாமானோ குடுத்துக்கிறது உண்டா?"

"இல்லை, சார்" என்றாள் தங்கை, கேள்வி முடிவதற்குள்.

அக்கா முந்தானையால் கையைத் துடைத்தாள். கை ஈரமாக இல்லை.

"அம்மா? உண்டா?"

"உண்டு" என்றாள் அக்கா.

விரல் கண்ணாடிக்கு ஒரு இழை மேலே நின்றது. ஆபீசர் நல்ல மனுஷன். இறங்க ஒரு படி போட்டுக் கொடுத்தார். "எப்பவோ ஒரு நாள், மிச்சம் மீதி, அப்படித்தானே?"

"இல்லை. வாரா வாரம்."

"என்ன குடுப்பீங்க?"

"அரிசி. பருப்பு. எண்ணெய் கொஞ்சம். அவ வேலைக்குப் போற நாளாப் பார்த்து அவ டப்பாவுல கொட்டி, மேடு தெரியாமக் குலுக்கி விட்டுடுவேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரிசியை அரிசியில் மறைத்தவள் அக்கா. தங்கை தன் டப்பாவைப் பார்த்தாள். ஆலையில் மதியம் மதியம் அவள் நடத்திய சிக்கன வகுப்பு முழுவதும் அவள் காதில் ஒலித்தது. கைராசியாம், சோறு மலருமாம்.

"எப்போலேருந்துன்னு கேளுங்க, சார்."

"எப்போலேருந்தும்மா?"

"அவளுக்கு வேலை குறைஞ்சதுலேருந்து."

ஆபீசர் டேப்பைக் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு வேறொரு பக்கத்தைத் திறந்தார். "பாருங்கம்மா, வழி இருக்கு. இது வரைக்கும் குடுத்ததை விடுங்க. இனிமே குடுக்க மாட்டேன்னு ஒரு உறுதிமொழி. இந்த இடத்துல விரலால கையெழுத்துப் போட்டாப் போதும், தனின்னே எழுதிடறேன். அடுத்த மாசம் அட்டை வந்துடும்."

"என்ன எழுதியிருக்கு, படிங்க."

"'மேற்படி நபருக்கு இனி உணவோ உணவுப் பொருளோ வழங்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.'"

"மேற்படி நபருன்னா?"

"உங்க தங்கச்சி."

"போட மாட்டேன்" என்றாள் அக்கா.

"அக்கா, போடு" என்றாள் தங்கை.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. குழாயும் இல்லை, குக்கரும் இல்லை, சாரும் இல்லை. ஒன்பது வருஷமாகக் கட்டிக் காத்தது ஒரு அட்டைக்காகப் போயே போய்விட்டது. போனது போகட்டும், அட்டையாவது மிஞ்சட்டும் என்று அவள் துணிந்து இறங்கினாள்.

"போடுன்னு சொல்றேன்ல? போட்டுட்டு அப்புறம் நீ என்ன வேணாப் பண்ணு. யாரு வந்து பார்க்கப் போறா?"

ஆபீசர் கூரையைப் பார்த்தார். "எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம்" என்றார்.

"அப்புறம் குடுத்தா, போட்ட கையெழுத்து பொய்யாயிடும்ல?" என்றாள் அக்கா.

"அப்போ நிஜமாவே குடுக்காதே. நான் கேட்டேனா உன்கிட்ட? வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டேனா?"

"கேக்கலை."

"அப்புறம் என்ன?"

அக்கா பதிலைத் தேடினாள். அவளுக்குக் கைவசம் உண்மை மட்டும்தான் இருந்தது. "நீ போனப்புறம் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். அடி தெரியும். ஒரு தடவை சும்மா மூடிட்டு வந்துட்டேன். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை. எதுக்கு வம்புன்னு மறுநாளே கொட்டிட்டேன். கையெழுத்துப் போட்டா அதையெல்லாம் நிறுத்தணும். என்னால ஆகாது."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அக்காவின் சதை வாரா வாரம் ஆடியிருக்கிறது, அதுவும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.

"நான் டப்பாவுக்குப் பூட்டுப் போட்டுட்டா?" என்று கேட்டாள் தங்கை.

"சமைச்சு வைப்பேன்."

"நான் தொட மாட்டேன்."

"தொடாதே. வைப்பேன்."

ஆபீசர் லேசாகக் கனைத்தார். "அம்மா, நான் ரெண்டுல ஒண்ணை எழுதணும். எதிர்வீட்டுக்கும் போகணும்."

தங்கைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எந்தக் கையை எதிர்பார்த்துச் சாப்பிடக் கூடாது என்று அட்டைக்கு நடையாய் நடந்தாளோ, அந்தக் கையால்தான் இத்தனை மாதமும் சாப்பிட்டிருக்கிறாள். அவமானமாக இருந்தது. ஆனால் அந்தச் சோறு ஒரு நாளும் தொண்டையில் சிக்கவில்லை, நன்றாகத்தான் இறங்கியது என்பதும் ஞாபகம் வந்தது. அதுதான் அவளை அதிகமாகப் படுத்தியது.

"ஒரே அடுப்புன்னு எழுதிக்கோங்க, சார்" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. இப்போ இல்லைன்னா அடுத்த வருஷம்தான் மறுபடி கேக்க முடியும்."

"நான் என்ன யோசிச்சு என்ன? இவ கேக்க மாட்டா. உங்களுக்கு இவளைத் தெரியாது."

அவர் 'கூட்டு' என்ற கட்டத்தைத் தொட்டார். உடனே கண்ணாடியில் இன்னொரு கேள்வி முளைத்தது. அரசாங்கம் ஒரு கேள்வியோடு நிறுத்துகிற வழக்கம் இல்லை. "குடும்பத் தலைவர் யாரு?" என்று கேட்டார்.

"அவ" என்று அக்கா தங்கையைக் காட்டினாள். அதே நேரத்தில் தங்கை அக்காவைக் காட்டினாள். ஆபீசர் எதையோ தொட்டுவிட்டு டேப்பை மூடினார். யாரை எழுதினார் என்று இன்று வரை தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே பச்சை அடுப்பு அவருக்காகக் காத்திருந்தது.

வீடு அமைதியாயிற்று. பேசாமல் இருந்தபோது இருந்த அமைதி வேறு, இது வேறு. அடுப்படித் தரையில் உட்கார்ந்த இருவருக்கும் இனி யார் எதைப் பார்த்துப் பேசுவது என்று விளங்கவில்லை.

"எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு நினைச்சேன்" என்றாள் தங்கை. "உன் தயவு இல்லாம ஒரு வாய் சாப்பிடணும்னு நினைச்சேன். அது தப்பா?"

"தப்பில்லை. அது தெரிஞ்சுதான் நீ இல்லாத நேரத்துல போட்டேன்."

பொய் சொல்ல வராதவள் வாரா வாரம் திருட்டுத்தனமாக அரிசி கொட்டிக் குலுக்கியிருக்கிறாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஒன்பது வருஷமாகக் கேட்க ஆள் இல்லை. தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். வந்த கோபத்துக்கு இன்னொரு ஒன்பது வருஷம் பேசாமல் இருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் மணி இரண்டாகப் போகிறது, விசாரணையில் இரண்டு அடுப்பையும் யாரும் பற்ற வைக்கவில்லை, பசி வேறு. கைக்கு எட்டிய அடுப்பில் உலை வைத்தாள். அது அக்காவின் அடுப்பு.

அரிசியை அள்ளும்போது கை நின்றது. ஒரு ஆளுக்கு அளந்து அளந்தே பழகிய கை. அக்காவுக்கு எவ்வளவு வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

"நீ எவ்வளவு சாப்பிடுவே?"

"அரை டம்ளர் போடு" என்றாள் அக்கா.

"அரையா? முன்னெல்லாம் ஒண்ணரை சாப்பிடுவியே?"

"முன்னே சாப்பிட்டேன். இந்த வருஷம் பூரா அரைதான். பழகிடுச்சு."

தங்கை டம்ளரோடு திரும்பினாள். ஓய்வூதியம் ஒரு ஆள் வயிற்றுக்கும் மருந்துக்கும் அளவானது என்பது அவளுக்குத் தெரியும். அக்காவின் டப்பாவிலிருந்து தன் டப்பாவுக்கு வந்தது எது என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்காவின் மணிக்கட்டைப் பார்த்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. தினமும் எதிரே நின்று பாத்திரம் தேய்த்த கை. ஒரு நாளும் பார்க்கவில்லை. அடக்க முடியாமல் அழுகை வந்தது.

அக்கா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். வாயைத் திறந்தாள். தங்கை அழுதபடியே முறைத்தாள். அக்கா வாயை மூடிக்கொண்டு அவள் முதுகைத் தடவினாள். பழக்கம் இல்லாத கை, கொஞ்சம் அழுத்தியே தடவியது.

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு உலையில் ஒரு டம்ளர் போட்டாள். இன்னொன்று போட்டாள். மூன்றாவதுக்குக் கையை விட்டாள்.

"ஏய், பார்த்துப் போடுடி" என்றாள் அக்கா. "மாசக் கடைசி வரைக்கும் வரணும்."

"வராது" என்றாள் தங்கை. அள்ளியதை உலையில் போட்டாள்.